வுடுன்னு சொன்னது யாரு

மார்பு வரை ஏறிய தண்ணீரில் நின்றுகொண்டு சுபாஷ் திட்டினான். தண்ணீரையல்ல. தண்ணீர் பாவம், கல்வராயன் மலை ஏரியில் விடியற்காலையில் அது வேறெப்படி இருக்கும்? அவன் திட்டியது காண்ட்ராக்டர் ராஜவேலுவை. கோடை விழா வருகிறது, பெரிய மனிதர்கள் படகேறப் போகிறார்கள், அதற்குள் படகுத்துறை பளபளவென்று நிற்கவேண்டும் என்று கோழி கூவுமுன்னே ஆட்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, அந்த மனிதர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

“பெல்ட்டு மாட்டிக்கிச்சா?” என்று கரையிலிருந்து கத்தினான் அமீனுல்லா. பனிமூட்டத்தில் சுபாஷின் தலை மட்டும் மசமசவென்று தெரிந்தது.

“மாட்டிக்கினுதான் இருக்கேன் பாய். கையி மரத்துப்போச்சு. எது கையி, எது பெல்ட்டுன்னே தெரியல.”

“கடிச்சிப் பாரு. வலிச்சா கையி.”

கரையில் சிரிப்பொலி கேட்டது. கல்லும் சிமெண்டுக் கலவையும் சுமக்க வந்த மலைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் செல்லியம்மாள்தான் சத்தமாகச் சிரிப்பவள். பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே சிரிப்பாள், ஒரு துளி கலவை சிந்தாது.

கரையோரம் நான்கு இரும்புத் தூண்களைக் கான்கிரீட்டில் நட்டிருந்தார்கள். தலைமேல் குறுக்கே உத்திரங்கள். முன்னால் ஒரு வின்ச், பின்னால் ஒரு வின்ச், இரண்டும் கையால் சுற்றுவது. படகின் வயிற்றுக்கடியில் அகலமான பெல்ட்டுகளைக் கொடுத்து, சுற்றிச் சுற்றித் தண்ணீரிலிருந்து தூக்கி, உத்திரத்தோடு கரைப்பக்கம் நகர்த்தி, அந்தரத்தில் நிறுத்தி, அடியில் இரண்டு நீள மரங்களைப் படுக்கையாகப் போட்டு, அதன்மேல் படகை உட்காரவைக்க வேண்டும். படுக்கை மரம் படகின் நீளத்துக்கு இருக்கவேண்டும். தலை முதல் வால் வரை தாங்கினால்தான் அந்த ஃபைபர் வயிறு பிழைக்கும். ஓரிடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றால், முட்டிய இடத்தில் விரிசல் ஓடும், இல்லையென்றால் படகு சரியும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கட்டிலில் படுத்து எழுந்திருக்கிற எவனுக்கும் புரியும். ராஜவேலுவுக்கு மட்டும் புரியவில்லை. புரியாமலென்ன, புரிந்துகொண்டால் மரம் வாங்க வேண்டுமே!

சுபாஷும் அமீனுல்லாவும் படகு வேலைக்காரர்களும் அல்லர். சங்கராபுரத்துப் பக்கம் போர் கிணறுகளில் மோட்டார் ஏற்றி இறக்குவதுதான் இவர்கள் பிழைப்பு. படகு தூக்கி அமைக்கத் தெரிந்தவர்களைக் கடற்கரைப் பக்கமிருந்து அழைத்தால் செலவு ஜாஸ்தி. “மோட்டாரும் வெயிட்டு, படகும் வெயிட்டு. தூக்கறது தூக்கறதுதானய்யா” என்று இவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார் ராஜவேலு. வயிற்றுப்பாட்டுக்கு இவர்களும் வந்தார்கள்.

போர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குழாய் அந்தரத்தில் தொங்கும்போது எவனும் கதை பேசக் கூடாது. அங்கே மூன்றே சொல்தான். ‘தூக்கு’ என்றால் தூக்கணும். ‘புடி’ என்றால் நிறுத்திப் பிடிக்கணும். ‘வுடு’ என்றால் வின்ச் பின்னால் சுழலாமல் தடுக்கும் கொக்கியை எடுத்து இறக்கணும். யோசிக்கிற ஜோலியே கிடையாது. யோசித்துக்கொண்டு நின்றால் அதற்குள் குழாய் ஆழத்துக்கு ஓடிவிடும், கிணற்றுக்காரன் தலையில் கை வைத்துக்கொள்வான். அதனால் அந்தச் சொற்கள் காதில் விழுந்தால் மூளையைக் கேட்காமல் நேராகக் கைக்கு இறங்கிவிடும். வீட்டில் மனைவி பௌசியா, “அந்தப் பேச்ச வுடுங்க” என்றால்கூட அமீனுல்லா கையிலிருக்கும் டீ கிளாஸ் கீழே விழுந்துவிடும் என்று சுபாஷ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சிரித்த பேச்சுத்தான். அது இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது?

முன் வின்ச்சை அமீனுல்லாவும் பின் வின்ச்சை மேஸ்திரி தெய்வசிகாமணியும் சுற்றினார்கள். படகு உறுமிக்கொண்டு தண்ணீரை விட்டு எழுந்தது. வயிற்றிலிருந்து பாசியும் சேறும் ஒழுகின. காப்புக் காய்த்த உள்ளங்கை எரிந்தது. உத்திரத்தோடு கரைத் தரைமேல் நகர்த்தி, இடுப்பு உயரத்தில் நிறுத்தியதும் “புடி!” என்றான் சுபாஷ். பிடித்தார்கள். ஈரத்துணியோடு சுபாஷ் படகுக்கடியில் மல்லாந்து நுழைந்து படுக்கை மரத்தைப் பொருத்தப் பார்த்தான்.

“மேஸ்திரி! இந்தக் கட்டை எட்டல. பாதி வயித்துக்கே பத்தல.”

தெய்வசிகாமணி தன் வின்ச்சைப் பூட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். நீள மரம் கேட்டதற்கு, எங்கோ கட்டடத்தில் கழித்துப்போட்ட சவுக்குத் துண்டுகளை அனுப்பியிருந்தார்கள். வயிறெரிந்தது அவருக்கு. நேரே காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

“சார், துண்டு மரத்துமேல படகு நிக்காது. நீளமரம் வரட்டும். அதுவரைக்கும் தண்ணியிலயே கெடக்கட்டும்.”

ராஜவேலு கொட்டாவியோடு இறங்கினார். “விழா இன்னா உன் மரத்துக்காகக் காத்துக்கினு இருக்குமா?”

“ஆளு அடியில இருக்கான் சார். சரிஞ்சா இன்னா ஆவறது?”

“சரியாது.”

“நீங்க அடியில போய்ப் படுத்துக்கினு சொல்லுங்க.”

அந்த வார்த்தை ராஜவேலுவைச் சுட்டது. அவர் படகுப் பக்கமாக வேகமாக நடந்து வந்தார். பனியில் ஆள் தெரியவில்லை, குரல்தான் தெரிந்தது. முன் வின்ச்சில் அமீனுல்லா கொக்கிமேல் வலது கையும் கைப்பிடியில் இடது கையுமாக, அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான்.

“எல்லாம் எனக்குத் தெரியும். வுடு! வுடுய்யா வுடு!”

கொக்கி எழுந்துவிட்டது.

அவன் எடுத்தானா? கைதான் எடுத்தது. கைப்பிடி அவன் பிடியைப் பிய்த்துக்கொண்டு சுழன்று வலது முன்கையில் அறைந்தது. படகின் மூக்கு தொப்பென்று இறங்கிச் சவுக்குத் துண்டில் மோதி, வழுக்கிச் சரிந்தது. அப்புறம் சுபாஷின் அலறல். ஏரியின் மறுகரைக்குப் போய்த் திரும்பி வந்த அலறல்.

செல்லியம்மாள்தான் முதலில் ஓடினாள். பெண்களும் ஆண்களுமாகத் தோள்கொடுத்துப் படகின் மூக்கைத் தூக்கினார்கள். சுபாஷின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போகக்கூடாத பக்கம் போயிருந்தது. ராஜவேலுவின் காரில் ஏற்றலாம் என்றார் தெய்வசிகாமணி. “சீட்டெல்லாம் ரத்தமாவும்” என்று அந்த மனிதர் சொன்னார். சொன்னார் ஐயா! எல்லாரும் தங்கள் காதால் கேட்டார்கள். சிமெண்டு ஏற்றிவந்த லோடு ஆட்டோவில் சாக்கை விரித்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவன் கத்தக் கத்தக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

அமீனுல்லா கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முன்கை வீங்கிச் சுரைக்காயாகியிருந்தது. அது அவனுக்கு வலிக்கவில்லை. கூடப்பிறந்தவன் மாதிரி ஒரே தட்டில் சாப்பிட்டவனின் காலை இந்தக் கை ஒடித்துவிட்டதே என்ற ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. யா அல்லாஹ், இந்தக் கையை என்ன செய்வது?

வெயில் ஏறிய பிறகு ராஜவேலு வந்தார். மீசையைத் தடவிக்கொண்டார். கூடியிருந்தவர்களைப் பார்த்துத்தான் பேசினார், அமீனுல்லாவைப் பார்க்கவில்லை.

“நடந்தது நடந்துபோச்சு. இவன் தூக்கக் கலக்கத்துல கொக்கிய எட்த்துட்டான். போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன். நாளைக்கு வந்து கேப்பாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்.”

“நீங்க வுடுன்னீங்களே சார்” என்றார் தெய்வசிகாமணி.

“நானா? நான் உங்கிட்ட பேசிக்கினு இருந்தேன். கொக்கிய எட்த்தது என் வாயா, அவன் கையா?” ராஜவேலு குரலைத் தணித்தார். “இத பாருங்க. சுபாஷ நான் கைவுட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரில சேக்கறேன். எழுந்து நடக்கறவரைக்கும் கூலியும் வூடு தேடி வரும். ஆனா பேச்சு மாறுச்சின்னா, நானும் மாறிடுவேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஒருவன் காலுக்கு வைத்தியத்தைக் காட்டி இன்னொருவன் கழுத்தைக் கேட்டார் அந்த மனிதர். அதிலும் அடுத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள். மலைக்காரப் பெண்களைத் தனியாக அழைத்து, “மலைக்குக் கீழ இருந்து வந்தவனுங்க சண்டைல உங்களுக்கு இன்னா? ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வேலையப் பாருங்க” என்றார்.

சாயங்காலம் அமீனுல்லா ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் சுபாஷின் மனைவி ராதிகா நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது. அவனைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

“இன்னா மூஞ்ச வெச்சிக்கினு வந்தண்ணே?”

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“கொக்கிய எட்த்தது நீதான?”

“நான்தாம்மா.”

“தூங்கிட்டியா?”

ஆமென்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால் சுபாஷுக்குப் பெரிய வைத்தியம். தனக்கு ஜெயிலோ என்னவோ, வரட்டும். இனி இந்தக் கையை நம்பி எவன் வின்ச்சைத் தரப்போகிறான்? வாயைத் திறந்தான்.

“ஆமா. தூங்கி...”

“டேய் பாய்!” உள்ளே கட்டிலிலிருந்து சுபாஷின் குரல். மயக்க ஊசியில் நாக்கு தடித்திருந்தது. “பொய் சொன்னன்னா எழுந்து வந்து ஒதைப்பேன். இன்னொரு காலு நல்லாத்தான் இருக்குது.”

இருவரும் உள்ளே போனார்கள். காலுக்குக் கட்டுப் போட்டுப் பலகையில் ஏற்றி வைத்திருந்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது, கம்பி வைக்கவேண்டும், நடக்க மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“காண்ட்ராக்டர் வந்துட்டுப் போனாரு. பழத்தோட” என்றாள் ராதிகா. “அமீனுல்லாண்ணன் தூங்கிட்டாருன்னு நானும் சொல்லணுமாம். சொன்னா எல்லாம் பாத்துக்குவாராம்.”

“இவன் எங்க தூங்கனான்?” சுபாஷ் மூச்சு வாங்கினான். “கேளு ராதிகா. படகு என் நெஞ்சுக்கு நேரா தொங்கிக்கினு இருந்தது. நெஞ்சுல வுழுந்திருந்தா நீ இப்ப பழத்தையா வெச்சிக்கினு இருப்ப? நான் ஏன் தப்பிச்சேன் தெரியுமா? ‘வுடு’ன்னு எனக்கும் கேட்டுது. இத்தினி வருசப் பழக்கம், கேட்டதும் உருண்டேன். ஒடம்பு வெளிய வந்துட்டுது, காலு வரல. தூக்கத்துல எட்த்திருந்தான்னா எனக்கு எப்பிடி முன்னாடியே தெரியும்?”

ராதிகா அமீனுல்லாவைப் பார்த்தாள். அப்புறம் அவன் வீங்கிய கையைப் பார்த்தாள். அதற்கு யாரும் ஒரு மருந்துப் பத்துக்கூடப் போடவில்லை என்பது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

“அவன் கையி என்ன ஒடைச்சுதுன்னா, அந்தாளு வாயி அவன் கைய ஒடைச்சுது” என்றான் சுபாஷ். “வாயத் தொறக்கக் கூடாத நேரத்துல தொறந்தது யாரு? மரம் வாங்காதது யாரு?”

“அப்ப உன் வைத்தியம்?” என்றான் அமீனுல்லா. “நான் ஆமான்னு சொல்லிட்டா நீ நல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம்டா. எனக்கு ஒண்ணும் இல்ல.”

ராதிகா மேசைமேல் இருந்த பழப்பையை எடுத்தாள். வெடுக்கென்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

“இன்னாண்ணே பேச்சு இது? நாளைக்கு இன்னொரு படகு தூக்குவான். அடியில இன்னொருத்தி புருசன் படுப்பான். அப்பயும் ஒரு பழப்பை வரும். அவளும் ஒரு அமீனுல்லாவக் காட்டிக் குடுக்கணுமா? இங்கயே கம்பி வெக்கட்டும். வைத்தியம் அந்தாளு பிச்சையில்ல, அந்தாளு குடுக்கவேண்டியது. வா, காலைல நானும் மலைக்கு வரேன்.” ஊரிலிருந்து வந்து வார்டு மூலையில் உட்கார்ந்திருந்த சுபாஷின் அம்மா, கட்டிலண்டை தான் இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் விடியலில் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினார்கள். பனி அப்படியேதான் இருந்தது. படகு மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு, வால் அந்தரத்தில் தொங்க, முந்தைய நாள் விழுந்தபடியே கிடந்தது. நசுங்கிய சவுக்குத் துண்டுகூட அதன் கீழேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தெய்வசிகாமணியும் மற்ற ஆட்களும் வேலையைத் தொடாமல் தூண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்லியம்மாளும் பெண்களும் வந்தார்கள். தலையில் பாண்டுச் சட்டி வெறுமையாக இருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள் செல்லியம்மாள்.

“ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாரு” என்றாள். “எங்களுக்கும் காது ரெண்டு இருக்குதே, அத எங்க கொண்டுபோய் ஒளிக்கறது?”

ராஜவேலுவின் கார் வந்தது. பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ. அதில் புது ஆட்கள். அமீனுல்லா அவர்களையே பார்த்தான். இவ்வளவுதானா? ஒருத்தன் விழுந்த இடத்தில் ரத்தம் காயுமுன்னே அடுத்த கோஷ்டியா?

ராஜவேலு இறங்கினார். ராதிகாவைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினார். அப்புறம் குரலை உயர்த்தினார்.

“ஒருத்தன் செஞ்ச தப்புக்கு எல்லாரும் ஏன்யா வேலையக் கெடுத்துக்கறீங்க?”

“எங்களுக்கு நாலு விசயம் வேணும்” என்று தெய்வசிகாமணி எழுந்து நின்றார். “சுபாசு எழுந்து நடக்கறவரைக்கும் வைத்தியமும் கூலியும் உங்க பொறுப்பு. அமீனுல்லா மேல குடுத்த புகார வாபஸ் வாங்கணும். நீள மரம் வந்து, முட்டுக் குடுக்காம எவனும் அடியில போவ மாட்டான். நாலாவது...” அவர் செல்லியம்மாளைப் பார்த்தார்.

“தூக்கற நேரத்துல மொதலாளி வாயத் தொறக்கக் கூடாது” என்றாள் செல்லியம்மாள்.

பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ராஜவேலுவின் முகம் கறுத்தது.

“திமிரா? உங்கள வுட்டா ஆளே இல்லன்னு நெனச்சிக்கினீங்களா? ஏய், எறங்குங்கப்பா!”

லோடு ஆட்டோவிலிருந்து புது ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஜீவா என்பவர், களமருதூர்ப் பக்கத்து ஆள். தோளில் ஸ்பானர் பை. கையில் காப்புக் காய்த்திருந்ததைப் பார்த்ததுமே அமீனுல்லாவுக்குத் தெரிந்துவிட்டது, இவர்களும் போர் மோட்டார் ஆட்கள்தான். ராஜவேலு மறுபடியும் கம்மியான கூலிக்குத்தான் ஆள் தேடியிருக்கிறார்.

ஜீவா படகைச் சுற்றிப் பார்த்தார். நசுங்கிய கட்டையைக் காலால் நெம்பினார்.

“இன்னா ஆச்சி இங்க?”

“ஒரு தூங்குமூஞ்சி கொக்கிய எட்த்துட்டான்” என்றார் ராஜவேலு.

அமீனுல்லா எழுந்தான். இதுவரை யாரிடமும் அவன் சத்தமாகப் பேசவில்லை.

“தூங்கலண்ணே. கொக்கிமேல கை வெச்சிக்கினு நின்னேன். பனி. ஆளு தெரியல. ‘வுடு’ன்னு சத்தம் வந்தது. எட்த்துட்டேன்.”

ஜீவா திரும்பினார். அவர் ஆட்களும் திரும்பினார்கள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்களுக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. ஒருவன் தன்னையறியாமல் வலது கையை இழுத்துக்கொண்டான்.

“சார்,” என்றார் ஜீவா, மெதுவாகத்தான், “ஆளு அடியில இருக்கும்போது நீங்க ‘வுடு’ன்னு சொன்னீங்களா?”

“அட, அது அதுக்கு இல்லய்யா! மரம் மரம்னு இவன் நச்சரிச்சான். அந்தப் பேச்ச வுடுன்னு சொன்னேன். பேச்சுக்குச் சொல்றதுதான...”

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. நானில்லை நானில்லை என்ற வாய், தானே கக்கிவிட்டது. இத்தனை பேர் நடுவில். ராதிகா கையைத் தட்டினாள், ஒரே ஒரு தட்டு.

“கேட்டுக்கினீங்களா எல்லாரும்? போலீசு வரட்டும். இதத்தான் சொல்லணும்.”

“நானும் கேட்டேன்” என்றாள் செல்லியம்மாள். “நானும்.” “நானும்.” பாண்டுச் சட்டிகளின் மேலிருந்து குரல்கள் எழுந்தன.

ஜீவா தோள்பையைக் கழற்றித் தரையில் போட்டார். இரும்பு கலகலத்தது. அமீனுல்லாவுக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “எங்களுக்கும் வூட்டுல காத்துக்கினு இருக்காங்க சார்” என்றார். அவர் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

ராஜவேலு கத்தினார். உள்ளே தள்ளுகிறேன் என்றார், மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்றார், இந்த மலையில் ஒருத்தனுக்கும் இனி வேலை கிடையாது என்றார். செய்யக்கூடியவர்தான். அது எல்லாருக்கும் தெரியும். மரம் வரவில்லை, புகார் வாபஸ் ஆகவில்லை, ஆஸ்பத்திரியில் சுபாஷின் கால் பலகைமேல் கிடக்கிறது. அமீனுல்லாவுக்குப் பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நேற்று அவன் ஒற்றையாக அதைச் சுமந்தான், இன்று அப்படியில்லை.

ராஜவேலு காரில் ஏறிக் கிளப்பினார். துறையிலிருந்து வெளியேறும் ஒரே பாதையில் ஆட்கள் நகர்ந்து வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ராதிகா முன்னால். பக்கத்தில் செல்லியம்மாள். ஹாரன் அலறியது. ராஜவேலு கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். பனி இன்னும் கலையவில்லை. முகம் சரியாகத் தெரியவில்லை, குரல்தான் வந்தது.

“வுடுங்கடா! வழிய வுடுங்கடா!”

அமீனுல்லா தன் வலது கையைப் பார்த்தான். அது ஒரு பக்கம் தெய்வசிகாமணியின் தோளைப் பிடித்திருந்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்தது, நன்றாகவே விழுந்தது.

கை அசையவில்லை.